டெல்டா ஊர்களில் தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றிய விழிப்புணர்வை உருவாக்குவது எப்படி?

காவிரி டெல்டாவில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று பேச்செடுத்தால் கேட்பவரின் நினைவு முதலில் மேட்டூருக்குத்தான் போகும். அணையில் நீர் எத்தனை அடி நிற்கிறது, ஜூன் 12-இல் திறப்பார்களா மாட்டார்களா என்பதை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே தெருவில் உள்ள கைப்பம்பில் கடந்த சித்திரையில் நீர் எத்தனை அடி ஆழத்தில் நின்றது, ஊர்க் குளத்துக்கு வரும் வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்து கிடக்கிறது, தெற்குத் தெருக் கிணற்றில் உப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்ல ஆள் கிடைப்பது அரிது. தொலைவில் உள்ள அணையின் கணக்கு நமக்குத் தெரிந்திருக்கிறது. காலடியில் உள்ள நீரின் கணக்குத் தெரியவில்லை. டெல்டாவில் விழிப்புணர்வுப் பணி நிரப்ப வேண்டிய இடைவெளி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஊராட்சி வார்டு உறுப்பினர், பள்ளி ஆசிரியர், நூலக வாசகர் வட்டத்தினர், மகளிர் சுய உதவிக் குழுவினர், விவசாயச் சங்கத்தினர் என யாராக இருந்தாலும், நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் ஆண்டு காலம் விடாமல் செய்யக்கூடிய வேலையாக இதை எழுதுகிறேன். பேரணியும் துண்டறிக்கையும் சுவர் வாசகங்களும் தவறில்லை. ஆனால் அவை கடைசியில் வர வேண்டியவை. சொல்வதற்கு நம் ஊரைப் பற்றிய ஒரு செய்தி கையில் இருந்தால்தான் அவற்றுக்குப் பயன் உண்டு.

முதலில் வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள்

மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடப்படுகிறது. ஆகவே பிப்ரவரி முதல் மே வரை வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். அந்தக் காலத்தில் ஒரு விடுமுறை நாளின் காலைப் பொழுதை ஒதுக்கி, ஊருக்குத் தண்ணீர் பிரியும் தலைமடையிலிருந்து கடைமடை வரை, பிறகு வடிகால் ஆற்றில் சேரும் இடம் வரை நடந்து செல்லுங்கள். உடன் வருபவர்களில் பழைய நீர்ப் பங்கீட்டு முறையை அறிந்த மூத்த விவசாயி ஒருவரும், குடிநீருக்காகக் குழாயடியில் காத்திருக்கும் பெண் ஒருவரும், கைபேசியில் படமும் இருப்பிடக் குறிப்பும் எடுக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரும் இருப்பது நல்லது. ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரையும் அழைத்து வர முடிந்தால், எந்த மதகு பழுதடைந்திருக்கிறது, எங்கே மண் சரிந்து அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர் வாயாலேயே தெரிந்துவிடும்.

நடந்து முடிந்ததும் ஊர் வரைபடம் ஒன்றைப் பெரிய தாளில் வரையுங்கள். ஆறு, வாய்க்கால், மதகு, குளம், குட்டை, திறந்த கிணறு, கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் குழாய்க் கிணறு ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். வாய்க்கால் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். ஏ, பி பிரிவு வாய்க்கால்களை நீர்வளத்துறை பார்க்கிறது என்றும், சி, டி பிரிவு என்று சொல்லப்படும் சிறு வாய்க்கால்களைத் தூர்வார வேளாண் பொறியியல் துறையையோ ஊராட்சியையோ அணுக வேண்டியிருக்கும் என்றும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஒரு பருவம் முழுவதும் காத்திருப்பதற்கு இந்த அறியாமையே காரணம்.

கிணற்றை அளந்து எழுதுங்கள்

வரைபடம் இடத்தைக் காட்டும். காலத்தைக் காட்டுவதற்குப் பதிவேடு வேண்டும். ஊரின் மேட்டுப்பகுதி, நடுப்பகுதி, தாழ்ந்த பகுதி என மூன்று இடங்களில் ஒவ்வொரு கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். திறந்த கிணறாக இருந்தால் அளப்பது எளிது. மோட்டார் பொருத்திய குழாய்க் கிணற்றுக்குள் நாடாவை இறக்கினால் அது குழாயிலோ வடத்திலோ சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்துவிட்டு, பயன்பாட்டில் இல்லாத குழாய்க் கிணறு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கயிற்றின் நுனியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டி, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினால், நனைந்த இடத்தை வைத்து நீர்மட்டத்தைச் சொல்லிவிடலாம். எப்போதும் கிணற்றுச் சுவரின் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த இடத்தில் வண்ணப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பம்புசெட்டுகள் ஓடத் தொடங்குவதற்கு முன், விடியற்காலையில் அளப்பது முக்கியம். பக்கத்து வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் இறங்கிய மட்டம்தான் கிடைக்கும், உண்மை மட்டம் கிடைக்காது.

மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் அளந்து எழுதினால் போதும். ஜனவரி, மே ஆகிய இரு மாதங்களின் அளவு ஒருபோதும் விட்டுப்போகக் கூடாது. முன்னது வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் நிலத்தடியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையும், பின்னது கோடையில் எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்பதையும் சொல்லும். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடுதான் அந்த ஊரின் கோடைச் செலவு. அரசின் நிலத்தடி நீர் அமைப்புகளும் கண்காணிப்புக் கிணறுகளில் இவ்வாறே அளக்கின்றன. நம் மாநிலத்தில் நிலத்தடி நீர் மதிப்பீடு குறுவட்ட வாரியாக, அதாவது பிர்கா வாரியாகச் செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90-ஐத் தாண்டினால் நெருக்கடியானது, 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டது என்று வகைப்படுத்துகிறார்கள். உங்கள் பிர்கா எந்த வகையில் இருக்கிறது என்று கேட்டறிந்து பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு ஓடும் மண்ணில் நிலத்தடி நீர் தீராது என்ற பழைய நம்பிக்கை பல இடங்களில் பொய்த்துப்போனதை அந்த ஒரு வரியே ஊருக்குச் சொல்லும்.

கடலோர ஊர்களில் ஆழத்தை மட்டும் அளப்பது போதாது. கீழையூர், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் கிணற்றில் நீர் மேலேயே நின்றாலும் வாயில் வைக்க முடியாத உவர்ப்பாக இருக்கலாம். நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறையும்போது கடல்நீர் உள்ளே ஏறுகிறது. மேலும் மேலும் இறைப்பது அதை விரைவுபடுத்துகிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாத நிலையில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மூன்று கிணறுகளின் நீரை மூன்று குவளைகளில் ஊற்றி, மீட்டர் காட்டிய அளவைச் சீட்டில் எழுதி அருகே வைத்துவிட்டால் ஊர்க் கூட்டத்தில் வேறு விளக்கமே தேவைப்படாது. வேதாரண்யம் பகுதி மக்கள் கொள்ளிடத்து மணற்படுகையில் எடுத்த நீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியாகத்தான் குடிக்கிறார்கள் என்பதையும் அப்போது நினைவூட்டுங்கள். கொள்ளிடத்து மணல் குறைந்தால் தொலைவில் உள்ள கடலோரக் குடங்களும் குறையும்.

மழையையும் அளந்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் சற்றேறக்குறைய 4,000 லிட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் 1,000 சதுர அடிக் கூரையின் மேல் விழுவது 90,000 லிட்டருக்கும் மேல். சிந்தியதும் ஆவியானதும் போக 70,000 லிட்டரையாவது பிடிக்கலாம். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. அன்று பொருத்திய குழாய்களில் எத்தனை இன்றும் வேலை செய்கின்றன என்று தெருத்தெருவாக எண்ணிப் பார்ப்பது மாணவர்களுக்கு ஏற்ற பணி.

இந்த அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு பீரோவில் பூட்டினால் ஒரு பயனும் இல்லை. ஊராட்சி அலுவலகச் சுவரிலோ, நூலக வாசலிலோ, பால் சொசைட்டி அருகிலோ ஒரு கரும்பலகையை மாட்டி, மாதந்தோறும் மூன்று கிணறுகளின் அளவையும், சென்ற ஆண்டு அதே மாதத்து அளவையும் அடுத்தடுத்து எழுதுங்கள். முதல் ஆண்டில் ஒப்பிட எண் இருக்காது. இரண்டாம் ஆண்டில்தான் பலகை பேசத் தொடங்கும். அதுவரை பொறுமை வேண்டும். டெல்டாவில் விழிப்புணர்வு முயற்சிகள் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள்ளேயே நின்றுவிடுவதற்கு இந்தப் பொறுமையின்மையே காரணம் என்று நினைக்கிறேன்.

டிஎம்சியை ஏக்கராக மாற்றிச் சொல்லுங்கள்

செய்திகளில் நாள்தோறும் வரும் டிஎம்சி, கன அடி ஆகியவற்றை எல்லோரும் உச்சரிக்கிறார்கள். அவற்றின் அளவை மனக்கண்ணால் காண்பவர்கள் மிகச் சிலரே. 1 டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் 2,800 கோடிக்கு மேல். ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நீர் நிறுத்த 43,560 கன அடி தேவை என்பதால், 1 டிஎம்சி நீரை ஏறத்தாழ 23,000 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிறுத்தலாம். ஒரு நெற்பயிருக்கு மொத்தம் நான்கு அடி நீர் என்று வைத்துக்கொண்டால், வழியில் வீணாவதைக் கணக்கில் கொள்ளாமலேயே 5,700 ஏக்கருக்குத்தான் அது வரும். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் நாள் முழுவதும் ஓடினால் 1 டிஎம்சி சேரக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள் ஆகும். உங்கள் ஊரின் பாசனப் பரப்பு எத்தனை ஏக்கர் என்பதை வைத்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டு, பலகையில் எழுதி வையுங்கள்.

மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணையில் 60 அடி நீர் இருக்கிறது என்றால் பாதி நிரம்பியிருக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மேலே போகப் போக நீர்த்தேக்கம் அகன்றுகொண்டே போவதால் 60 அடியில் இருப்பது கொள்ளளவில் கால் பங்கை ஒட்டிய நீரே. இந்த ஒரு செய்தியைச் சரியாக விளக்கினாலே, அணை பாதி இருக்கிறதே, ஏன் இன்னும் திறக்கவில்லை என்ற வீண் வாதம் அடங்கும். எப்போது விதைக்கலாம், எந்த வயதுப் பயிரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பயனுள்ள பேச்சுக்கு இடம் கிடைக்கும்.

மாநிலங்களுக்கு இடையிலான வழக்கைத் தவிர்க்காமல் பேசுங்கள்

எந்தக் கூட்டமானாலும் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, கர்நாடகம் தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும், நம்மிடம் எதற்கு இந்தப் பாடம் என்பார். அவரை அடக்கப் பார்க்காதீர்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாறாக, தீர்ப்பின் எண்களை அவர் முன் வையுங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 192 டிஎம்சி திறந்துவிட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் அந்த நீரில் ஜூன் மாதப் பங்கு 9.19, ஜூலை 31.24, ஆகஸ்டு 45.95, செப்டம்பர் 36.76 டிஎம்சி. மாதவாரிப் பங்கை அறிந்தவர்கள்தான், வராத நீரை எண்ணைச் சொல்லிக் கேட்க முடியும். இந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதே ஒரு நல்ல விழிப்புணர்வுப் பணி.

அதே தீர்ப்பில் டெல்டாக்காரர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. குறைக்கப்பட்ட 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூரு நகரத்தின் குடிநீரைக் கருதிக் குறைக்கப்பட்டது. மீதி 10 டிஎம்சியை, தமிழகத்துப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி நீதிமன்றம் கழித்தது. நம் காலடியில் உள்ள நீர் ஆற்று நீரின் கணக்கில் ஏறிவிட்டது என்பதுதான் இதன் பொருள். அந்த நிலத்தடி நீர் இன்று எந்த நிலையில் இருக்கிறது, எந்த ஊரில் உவர்ப்பாக மாறியிருக்கிறது என்பதை ஊர்கள்தோறும் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த பதிவேடு நம்மிடம் இருந்தால், அது நம் உரிமைக்கும் பயன்படும். உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் உள்ளூர் நீரை அளப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணத்தை இந்த இடத்தில் எளிதாகப் போக்கிவிடலாம். ஆனால் பேச்சு அண்டை மாநிலத்து மக்களை ஏசும் திசையில் திரும்பினால் உடனே நிறுத்துங்கள். வறண்ட ஆண்டில் கர்நாடகத்து மண்டியாவின் விவசாயியும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியே கடலில் கலக்கும் நீர் அத்தனையும் வீண் என்ற பேச்சும் வரும். தேக்கக்கூடிய நீரைத் தேக்காமல் விட்டது குறைதான். இருந்தாலும் முகத்துவாரத்துக்கு நன்னீர் ஓரளவு சென்றால்தான் கடலின் உவர்நீர் ஏறாமல் நிற்கும், மீன்வளமும் வண்டல் படிவும் நிலைக்கும். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உலகத்தை ஊருக்குள் கொண்டு வருவது

உலகத் தண்ணீர்ப் பற்றாக்குறையை விளக்க 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று போதும். பூமியில் உள்ள நீர் முழுவதும் அந்தக் கேன் என்றால், அதில் நன்னீர் 2.5 விழுக்காடு, அதாவது அரை லிட்டர்தான். அந்த அரை லிட்டரிலும் பெரும்பகுதி பனியாக உறைந்திருக்கிறது. நிலத்தடியில் இருப்பது 150 மில்லிலிட்டர் அளவு. ஆறுகளிலும் ஏரிகளிலும் இருப்பது சுமார் ஒன்றரை மில்லிலிட்டர், மருந்துக் கடையில் கொடுக்கும் சிறு அளவுக் கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. மேசையின் மேல் அளந்து ஊற்றிக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் தவறான புரிதல் உண்டாகும். டெல்டாவின் இடர் மொத்த அளவைப் பற்றியதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வயல் மூழ்குவதும் சித்திரையில் குளம் வெடிப்பதும் ஒரே ஊரில் நடப்பதுதான் நம் இடர். வேண்டிய காலத்தில், வேண்டிய இடத்தில், குடிக்கத்தக்க நிலையில் நீர் இல்லாததே பற்றாக்குறை என்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

உலக எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நம் நிலத்தை ஒத்த இடங்களை முதலில் எடுங்கள். வியட்நாமின் மேகாங் டெல்டா நம்மைப் போலவே நெல் விளையும் சமவெளி; 2016-லும் 2020-லும் ஆற்றில் நீர் குறைந்து, கடல்நீர் வாய்க்கால்களில் வெகுதூரம் ஏறி நெற்பயிரைக் கருக்கியது. நாகப்பட்டினத்துக் கடலோர விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. படத்தைக் காட்டினால் அவரே மற்றவர்களுக்கு விளக்குவார். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. அதில் சேர்ந்துகொண்டிருந்த அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு ஆறுகளைப் பருத்திப் பாசனத்துக்குத் திருப்பியதால் 1960-களிலிருந்து அது சுருங்கிச் சுருங்கிப் பெரும்பகுதி மணலாகிவிட்டது. வட அமெரிக்காவின் கொலராடோ ஆறு, வழியெங்கும் பங்கு போடப்பட்டு, பெரும்பாலான ஆண்டுகளில் கடலைச் சேர்வதே இல்லை. பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு வருந்துவார்கள்.

நகரங்களில் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018-இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளவு கட்டப்பட்டது. நம் ஜல் ஜீவன் திட்டம் ஊரக மக்களுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருப்பதை இதோடு ஒப்பிடுங்கள். நெருக்கடியில் அந்த நகரம் கடைப்பிடித்த அளவும் நம் அன்றாட இலக்கும் ஏறக்குறைய ஒன்றே. சென்னையில் 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் சென்றது. கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து நிரம்பும் வீராணம் ஏரி 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் தருகிறது என்பதைச் சொல்லும்போது, நகரத்துத் தாகமும் நம் ஆறும் ஒரே கணக்கில்தான் இருக்கின்றன என்பது கேட்பவருக்குத் தானே புரியும்.

விவசாயியிடம் வரப்பில் நின்று பேசுங்கள்

உலக அளவில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. ஒரு கிலோ நெல் விளைய, மழையையும் பாசனத்தையும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. இந்த எண்களைத் திருமண மண்டபத்தில் மேடையேறி, நாடு முழுவதற்கும் சோறு போடுபவர் முன் குற்றச்சாட்டைப் போல வாசிப்பது மிகவும் தவறு. குத்தகைக்கு எடுத்து உழுபவர் தண்ணீரை வீணாக்க வேண்டும் என்று வீணாக்குவதில்லை. நாளை தண்ணீர் முறை வருமா வராதா என்று தெரியாத கடைமடைக்காரர், இன்று வந்த நீரை வயல் நிரம்பத் தேக்கிக்கொள்கிறார். அந்த அச்சத்தைப் போக்காமல் சிக்கனம் பேசிப் பயனில்லை. எனவே எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் முறை வருகிறது என்பதை அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி, முன்கூட்டியே ஊரில் எழுதி ஒட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்புவதும் விழிப்புணர்வுக் குழுவின் முதல் கடமைகளில் ஒன்று.

அதன்பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையை ஒரு வயலில் செய்து காட்டுங்கள். ஓரடி நீளமுள்ள பிவிசி குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே நீர் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மேலே நின்ற நீர் வற்றி, குழாய்க்குள் அரை அடி ஆழம் இறங்கிய பிறகு மறுபடி நீர் கட்டினால் போதும். மகசூல் குறையாமல் 30 விழுக்காடு வரை நீர் மிச்சமாகும். நட்ட முதல் இரண்டு மூன்று வாரங்கள் களையை அடக்க நீர் நிறுத்த வேண்டும் என்பதையும், பூக்கும் பருவத்தில் ஒருபோதும் காயவிடக் கூடாது என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். பாதி சொல்லி ஒருவருடைய பயிர் பதராகிவிட்டால், அந்த ஊரில் பல ஆண்டுகளுக்கு யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். ஐயம் இருந்தால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ வட்டார வேளாண்மை அலுவலரையோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் பிந்தும் ஆண்டில் நேரடி விதைப்பு பற்றியும் அவர்களையே பேச வையுங்கள்.

வீட்டுப் பயன்பாட்டைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. ஒழுகும் தெருக்குழாயின் கீழே பத்து நிமிடம் ஒரு பாத்திரத்தை வைத்து, சேர்ந்த நீரை அளந்து ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு. அதைக் குழாயில் நீர் வரும் நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைய கணக்கு. இதைப் பிள்ளைகள் செய்து, கிடைத்த கணக்கை மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரிடம் கொண்டு கொடுக்கட்டும்.

கிராம சபையும் ஆடிப்பெருக்கும்

தமிழகத்தில் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ஆம் நாளும் கிராம சபை கூடுகிறது. பதிவேட்டையும் வரைபடத்தையும் ஊர் முன் வைக்க இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வாய்க்கால்கள் காய்ந்திருப்பதால் முடிவெடுத்த வேலையை ஏப்ரல், மே மாதங்களில் செய்து முடிக்கவும் காலம் இருக்கிறது. தீர்மானத்தைப் பொதுவாக எழுதாதீர்கள். நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற தீர்மானத்தால் ஒரு கூடை மண்கூட வெளியேறாது. எந்தக் குளம், அதன் சர்வே எண், வரத்து வாய்க்காலில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை தூர் எடுக்க வேண்டும், அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் செய்யலாமா, இயந்திரம் வேண்டுமா, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று எழுதி நிறைவேற்றுங்கள். தீர்மான நகலை வாங்கிக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதையே மனுவாகக் கொடுங்கள். கூட்டத்துக்குப் பெண்கள் வருவதை உறுதி செய்யுங்கள். குழாயடி நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர்கள் வர முடியாது.

ஆடி பதினெட்டு அன்று படித்துறைக்கு ஊரே வருகிறது. அன்று சொற்பொழிவு வேண்டாம். படித்துறை அருகே ஒரு பலகையில், அன்றைக்கு மேட்டூரின் நீர் இருப்பு, கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகியவற்றில் திறக்கப்படும் அளவு, ஊர்க் கிணற்றின் மட்டம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, கேட்பவர்களுக்கு விளக்க இரண்டு மாணவர்களை நிறுத்துங்கள். பிள்ளைகள் விளக்கும்போது பெரியவர்கள் நின்று கேட்கிறார்கள். வாழை மட்டையும் பூவும் ஆற்றில் போகலாம். பிளாஸ்டிக் பையும் பழைய துணியும் போகக் கூடாது என்பதையும் அந்த மாணவர்களே சொல்லட்டும்.

ஓர் ஆண்டு முடிந்ததும் பதிவேட்டின் இரண்டு நகல்களை எடுத்து, ஒன்றை ஊர் நூலகத்திலும் மற்றொன்றைப் பள்ளியிலும் வையுங்கள். அளக்கும் பொறுப்பை ஒருவரிடமே விட்டுவிடாமல், ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவருக்குக் கற்றுக்கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்; தேர்வும் வேலையும் வந்து பழையவர்கள் விலகும்போது கயிறும் புத்தகமும் கைமாற ஆள் இருக்கும். பக்கத்து ஊரிலும் இதே போல அளக்கத் தொடங்கினால், ஒரே வாய்க்காலின் தலைமடை ஊரும் கடைமடை ஊரும் ஜனவரியிலும் மே மாதத்திலும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து இரு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அடுத்த பருவத்துக்கு எந்த மதகை முதலில் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது என்பதை அந்தக் கூட்டத்திலேயே இரு ஊராரும் சேர்ந்து முடிவு செய்து, ஒரே மனுவில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.